ஹெரால்டும் அம்பாசடரும்

போன வாரம் சேலம் போய்த் திரும்பும்போது மகனுடைய கார் தொப்பூர் கணவாயில் மூச்சு வாங்காமல் ஏறியது. பேரன் செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை. எனக்கு மட்டும் 1974-ல் அதே மேட்டில் நின்றது ஞாபகம் வந்தது.

அப்போது தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் பெரியப்பா வீடும் எங்கள் வீடும் எதிரெதிரே. பெரியப்பாவிடம் அம்பாசடர். அப்பாவிடம், யாரோ ஓட்டி முடித்துக் கொடுத்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடர் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்தது, 1489 சி.சி. என்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். ஹெரால்டு நம் சென்னையில் செய்தது, 948 சி.சி., 35 குதிரை இருந்தால் அதிகம். கல்யாண வீட்டு வாசலில் அம்பாசடருக்கு இடம் ஒதுக்குவார்கள். எங்களுடையதைப் புளியமரத்தடியில் விடச் சொல்வார்கள்.

ஆனால் வண்டியைத் திருப்புவதில் ஹெரால்டை மிஞ்ச முடியாது. இருபத்தைந்து அடி இடம் போதும், ஒரே மூச்சில் திரும்பிவிடும். எங்கள் தெருவில் பெரியப்பா முன்னும் பின்னும் நாலு தடவை எடுத்து, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி வியர்த்துப் போவார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் ஒரு ராத்திரி அம்மாவுக்குத் தாங்க முடியாத வயிற்று வலி. குடல்வால். சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அப்பா ஹெரால்டைக் கிளப்பி, முன் சீட்டை மடக்கி, அம்மாவைப் பின்னால் ஏற்றப் பார்த்தார். நிமிர முடியாதவரை அந்தச் சந்துக்குள் எப்படி நுழைப்பது? பெரியப்பா சத்தம் கேட்டு வந்தார். "தம்பி, அதை விடு. என் வண்டியில படுக்க வை" என்றார். அம்பாசடரின் பின் சீட்டில் அம்மா காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். தொப்பூர் இறக்கத்தில் அந்தக் கனத்த வண்டி அலுங்காமல் இறங்கியது. பிழைத்தார். அம்பாசடரைப் பற்றி யார் குறை சொன்னாலும் நான் இன்றைக்கும் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

அப்பா அதற்குப் பிறகு ஹெரால்டைத் தொடவே இல்லை. பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். வண்டிக்கு ஆள் பார்க்கிறார் என்று பேச்சு அடிபட்டது.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னதும், "அண்ணன் வண்டி வரும்" என்றார் அப்பா. "ஏங்க, நம்ம வண்டி என்னாச்சு? இப்பத்தான் உட்கார முடியுதே" என்றார் அம்மா. மறுநாள் ஹெரால்டு வந்தது. முன் சீட்டில் அம்மா, பின்னால் மூட்டை முடிச்சுகளோடு நான்.

தொப்பூர் ஏற்றத்தில் பாதியில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டுக்கு மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதுமே முன்னால் கவிழ்ந்துகொள்ளும். சக்கரம் வெளியே தெரியும். ஒரு லாரிக்காரர் தண்ணீர் கொடுத்தார். சூடு ஆறும் வரை நிற்க வேண்டும். அம்மா மெதுவாக இறங்கி வந்து, முன் டயர்மேல் முக்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்துகொண்டார்.

"உங்க அண்ணன் வண்டியில இப்படி உட்கார இடம் இருக்கா?" என்று கேட்டார்.

அப்பா சிரித்துவிட்டார். அந்த ஹெரால்டு இன்னும் ஏழு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது.