துடைத்தால் ஓடும்!

ஹாம்பர்க் போனால் ‘மினியாட்டூர் வுண்டர்லாண்ட்’டை விட்டுடாதீங்க, சார்! துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கில், பிரவுன் சகோதரர்கள் 2001-ல் திறந்த பொம்மை ரயில் ராஜ்யம். எல்லாமே நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கு நடுவே பதினாறரை மில்லிமீட்டர்தான்! கூட்டம் ஆல்ப்ஸ் மலையை வாய் பிளந்து பார்க்க, நான் தேடியது தண்டவாளம் துடைக்கும் வண்டியை. சிரிக்காதீங்க. கரன்ட் தண்டவாளத்திலிருந்துதான் சக்கரத்துக்கு ஏறணும். நடுவில் அழுக்கு படிந்தால் இன்ஜின் மக்கர்.

என் வீட்டு ரயில் ஆறு மாதமாக மக்கர். ‘தீபாவளிக்குள்ள ஓடலேன்னா எடைக்குப் போட்டுடுவேன். தையல் மெஷினுக்கு இடம் வேணும்’ - மனைவியின் கெடு.

ஊர் திரும்பியதும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தண்டவாளம், சக்கரம் எல்லாம் துடைத்தேன். துணி கன்னங்கரேல். ரயில் கிளம்பிவிட்டது! தையல் மெஷின் இப்போது சுரங்கப் பாதைக்குப் பக்கத்தில்.