நாங்கள் தேர்ந்துகொண்ட வெள்ளைக் குட்டி

தோபித்து நூலில் ஒரு நாய் வருகிறது. இளைஞன் தோபியா தொலைநாட்டுக்குப் புறப்படும்போது வானதூதர் இரபேலுடன் அதுவும் கூடச் செல்கிறது. திரும்பும்போதும் பின்னால் வருகிறது. அவ்வளவுதான். அதன் நிறம் என்ன, இனம் என்ன, உயரம் என்ன என்று நூலாசிரியர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2021-ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று முடிவு செய்தபோது, நாங்கள் ஊரெல்லாம் கேட்டறிந்தவை இந்த மூன்றை மட்டுந்தான்.

எங்கள் வீடு கொக்கிரகுளத்தில், தாமிரபரணியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தெருவில் இரண்டு மாதத்திற்குள் மூன்று இருசக்கர வண்டிகள் காணாமற்போயின. நாங்கள் இருவரும் பணிக்குச் சென்றுவிட்டால் வீட்டில் அம்மா மட்டுந்தான். ஆகவே காவலுக்கு ஒரு நாய். அதற்குமேல் எங்களுக்கு யோசனை ஓடவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் லாப்ரடார் என்றான். உறவினர் ஒருவர், அம்மாவின் மடியில் அடங்கும் பக் என்றார். அந்த இரண்டையும் நாங்கள் மறுத்தது சரி என்றே இன்றும் எண்ணுகிறோம். நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சப்பை மூக்குள்ள பக் இனத்துக்கு அந்த வழியே குறுகலானது. 40 பாகையைத் தொடும் திருநெல்வேலிக் கோடையில் அதை மூச்சுத் திணற வைப்பது எப்படி அன்பாகும்? லாப்ரடாரோ குளிர்ந்த நாட்டு நீரில் நீந்தி வேலை செய்வதற்கென்று அடர்ந்த ரோமத்தோடு உருவாக்கப்பட்ட இனம். இங்கே மின்விசிறிக்கு அடியில் கிடந்து கொழுத்துப்போன பலவற்றை நாங்களே பார்த்திருக்கிறோம்.

இந்த இடத்தில் நம் நாட்டு இனங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில்தான் நாங்கள் பாதி அறிந்தவர்களாகத் தவறினோம். நாயை மண் உருவாக்குகிறது. சிப்பிப்பாறையும் அதன் சாயலிலேயே இருக்கும் கன்னியும் கரிசல் காட்டு நாய்கள். மரமற்ற சமவெளியில், மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி, முயலைத் துரத்திப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டவை. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், மெல்லிய தோல். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை குற்றமாயிற்று. வேலை போயிற்று, ஓட்டம் மட்டும் உடம்பில் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் காடு கழனி உள்ளவர் வளர்க்கலாம். வயலும் வாய்க்காலும் வீடுகளும் நெருங்கிய எங்கள் ஆற்றங்கரைத் தெருவில், மூன்று சென்ட் மனையில் அதைக் கட்டிப்போடுவது, ஓட்டக்காரனை அலமாரிக்குள் பூட்டுவது போலாகும். தேனி மாவட்டத்துக் கோம்பை, செந்நிற உடலும் கரிய முகவாயும் உடைய முரட்டுக் காவல் நாய். அம்மாவால் அதைப் பிடித்து நடக்க இயலாது.

எஞ்சியது இராஜபாளையம். 2005-ஆம் ஆண்டு அஞ்சல்துறை வெளியிட்ட தபால்தலையில் இடம்பெற்ற நாய். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் பெயர் சொன்ன நாட்டு இனங்களுள் ஒன்று. கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் சிப்பிப்பாறையையும் இதையும் தனித்த இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. இவ்வளவு பெருமையுள்ள நாய் நம் வாசலில் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும் அல்லவா? இந்த ஆசை எங்களுக்கு இருந்தது. மறைப்பானேன்?

ஒரு வளர்ப்பாளரிடம் சென்றோம். ஆறு குட்டிகள். சிலவற்றின் காதோரத்தில் இளம்பழுப்புத் திட்டுகள் இருந்தன, ஒன்று மட்டும் புதுநன்மை உடுப்பைப் போலத் தூய வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. அதற்கு விலையும் கூடுதல். வளர்ப்பாளர் சோற்றுத்தட்டைத் தட்டினார். ஐந்து குட்டிகள் பாய்ந்து வந்தன. வெள்ளைக் குட்டி அவை ஓடுவதைக் கண்டபின் எழுந்து வந்தது. "எவ்வளவு நிதானம்!" என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து மகிழ்ந்தோம். அம்மா அதற்கு மணி என்று பெயரிட்டாள்.

கூப்பிட்டால் மணி வரமாட்டான். வாசல் திறந்தால் வெளியே ஓடுவான்; எத்தனை முறை கத்தினாலும் திரும்பிப் பாரான். திமிர் என்று நினைத்தோம். செய்தித்தாளைச் சுருட்டி அடித்தோம். ஒருமுறை அல்ல, மூன்று மாதங்கள். அடி விழும்போது அவன் காரணம் புரியாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பார்வையையும் நாங்கள் அடங்காமை என்றே கொண்டோம்.

தீபாவளி அன்று காலை எதிர்வீட்டுப் பையன்கள் சரவெடி வைத்தார்கள். தெருநாய்கள் எல்லாம் வாலை ஒடுக்கிக்கொண்டு வண்டிகளுக்கு அடியில் ஒளிந்தன. மணி திண்ணையில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவனையே சற்றுநேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். "எய்யா, இந்தப் பிள்ளைக்குக் காது கேக்காது. இனிமே யாரும் அதை அடிக்காதீங்க."

கால்நடை மருத்துவர் அவன் பின்னால் நின்று இரும்புத் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தார். தூங்கும்போது சீழ்க்கை அடித்துப் பார்த்தார். பிறகு விளக்கினார். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தருகிற அணுக்களே உட்செவியிலும் இருந்தாக வேண்டும். கேட்கும் நரம்பு முனைகளை வாழவைக்கும் சூழலை அங்கே அவைதாம் காக்கின்றன. முழு வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் சிலவற்றில் அந்த அணுக்கள் செவியைச் சென்றடைவதே இல்லை. பிறந்த சில வாரங்களுக்குள் செவி அவிந்துவிடும். டால்மேஷியன் இனத்துக்கும் இதே குறை உண்டு. மனிதர் வெள்ளையையே விரும்பி வெள்ளையோடு வெள்ளையைச் சேர்க்கச் சேர்க்க, செவிடும் கூடவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. நாங்கள் கூடுதல் விலை கொடுத்தது எதற்கு என்று அன்றுதான் விளங்கியது.

வளர்ப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "கொண்டுவந்து விட்டுட்டு வேற எடுத்துக்கோங்க" என்றார். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. நாங்கள் மாற்றிக்கொள்ளவும் இல்லை. அந்தச் சனிக்கிழமை எங்களில் ஒருவர் ஒப்புரவு அருட்சாதனத்தில் சுருட்டிய செய்தித்தாளைப் பற்றிச் சொன்னார். பங்குத்தந்தை சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதலாம்.

செவிட்டு நாயை வளர்ப்பது வேறொரு கல்வி. கையசைவுகளை மொழியாக்கினோம். உள்ளங்கை தாழ்ந்தால் உட்கார். மார்பை நோக்கி மடங்கினால் வா. இரவில் கைவிளக்கை இருமுறை மின்னவைத்தால் ஓடி வருவான். வாரில்லாமல் தெருவில் விடுவதில்லை. தூங்கும்போது திடுமெனத் தொட்டால் மிரண்டு கடிக்கக்கூடும் என்பதால், முதலில் தரையில் ஓங்கி மிதித்து அதிர்வு உண்டாக்கியபின் தோளைத் தொடுவோம். குறை தொடரக் கூடாதென்று குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் செய்தாயிற்று.

2023 டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலையில் பிடித்த மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததாகப் பின்னர் படித்தோம். குடில் கட்ட வாங்கிய வைக்கோல் கூடத்தில் கிடந்தது. நள்ளிரவில் தெருநாய்கள் ஓலமிடுவது கேட்டு எழுந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். மணி மரக்கட்டிலின் கால்மாட்டில் உறங்கிக்கொண்டிருந்தான். காவலுக்கென்று வாங்கிய நாயை நாங்கள் போய்த் தொட்டு எழுப்பினோம். அம்மாவை ஒருவரும் மணியை ஒருவருமாகப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஏறினோம். அந்த இருட்டிலும் இரைச்சலிலும் மாடியில் நிம்மதியாக உறங்கிய உயிர் அவன் ஒருவனே. அம்மா விடியும்வரை அவன்மேல் கைவைத்தபடி செபமாலை சொன்னாள்.

வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்கு இரண்டாவது நாய் வேண்டும் என்று சொன்னவள் அம்மாதான். இம்முறை எங்கும் பயணம் செல்லவில்லை. பங்கு மைதானத்தின் மேடைக்கு அடியில் ஒரு கறுப்புத் தெருநாய் ஐந்து குட்டிகள் ஈன்றிருந்தது. எட்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருந்தோம். அதற்கு முன் பிரித்தால், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்கும் பாடம் குறைந்துபோகும். முதலில் தாயைப் பார்த்தோம். அறியாதவர் கையிலும் அஞ்சாமல் பிஸ்கட் வாங்கியது. பிறகு மண்ணில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தோம். ஒன்று செருப்பைக் கவ்வி இழுத்தது. ஒன்று மூலையை விட்டு வரவே இல்லை. ஒன்று மெல்ல வந்து மோந்துவிட்டு, போய், மறுபடி வந்தது. மல்லாத்திப் பிடித்தபோது சற்றுத் திமிறி, பின் அடங்கியது. பாதங்களையும் வாயையும் தொடவிட்டது. கடைசியாக ஒவ்வொன்றையும் தனியே தூக்கிச் சென்று பின்புறமாகத் தட்டைப் போட்டோம். தனியே என்பது முக்கியம். கூட்டத்தில் செவிட்டுக் குட்டியும் மற்றவற்றைப் பார்த்து ஓடிவிடும் என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஐந்துக்கும் நல்ல செவி.

"பொட்டையவா எடுக்கிய?" என்று கேட்காதவர் இல்லை. பெண்குட்டி என்பதற்காகவே சாக்கில் கட்டிக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் விடும் பழக்கம் இங்கே உண்டு. அறுவை செய்துவிட்டால் தீரும் கவலை அது. குட்டிக்காக நாங்கள் கொடுத்த விலை ஒன்றுமில்லை. செலவெல்லாம் ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம்வரை இடைவெளிவிட்டுப் போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். விலங்குகளை வீணே வதைப்பது மனித மாண்புக்குத் தகாது என்று கூறும் 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல், ஏழையின் துயர் தீர்க்கச் செல்லவேண்டிய பணத்தை அவற்றுக்கு இறைப்பதும் தகாது என்கிறது. மணிக்குக் கொடுத்த தொகையை நினைக்கும்போது அந்தப் பத்தி எங்களை இன்னும் உறுத்துகிறது. மணியை நினைக்கும்போது உறுத்துவதில்லை. இரண்டும் வேறு கணக்குகள் போலும்.

இப்போதெல்லாம் திருப்பலி முடிந்ததும் யாராவது எங்களிடம் எந்த இனம் நல்லது என்று கேட்கிறார்கள். வீட்டில் பகலில் யார் இருப்பார், அவர் கைக்கு எவ்வளவு வலு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் யார் பார்ப்பார் என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். பலருக்கு அது பிடிப்பதில்லை. விக்கிரமசிங்கபுரத்து உறவினர் ஒருவரிடம் மட்டும் கண்டிப்பாகவே சொன்னோம்: மலையடிவாரத்தில் சிறுத்தை இறங்கும் ஊரில் நாயை இரவில் வெளியே கட்டிப்போடுவதானால், வாங்கவே வேண்டாம்.

பெண்குட்டிக்குக் கறுப்பி என்று பெயர். இரவில் வாசல் கதவு அசைந்தால் அவள்தான் முதலில் குரைக்கிறாள். அவள் எழுந்து ஓடும் அதிர்வு தரைவழியே பட்டதும் மணி கண் விழிக்கிறான். அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று பார்க்கிறான். பிறகு அந்தப் பக்கமே திரும்பி நின்று, தனக்குக் கேளாத தன் குரலில், தெரு அதிரக் குரைக்கிறான்.