பிஸ்டனில் விழுந்த ஓட்டை

எஞ்சின் ஏன் செத்துப்போகிறது என்பதையெல்லாம் இலக்கியப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று என்னோடு தமிழ் படித்த நண்பர் ஒருவர் கேட்டார். எழுதத்தான் வேண்டும். நம்ம சனத்துக்கு நிலம் கிடையாது. ஒரு தலைமுறை அரைவயிறு சாப்பிட்டுச் சேர்த்தால் ஒரு வண்டி வரும். அந்த வண்டிதான் நிலம், கிணறு, எல்லாம். அது நின்றுபோனால் பழி யார் மேல் விழுகிறது என்பது சேரியின் கதைதான். எம்.ஏ. வகுப்பில் எனக்கு ஐந்திணையும் சொல்லிக் கொடுத்தார்கள். எஞ்சினைச் சொல்லிக் கொடுத்தது எங்க மாமா. பஸ் டெப்போவில் முப்பது வருசம் எஞ்சின் பிரித்துப் பூட்டியவர்.

செங்கல்பட்டுப் பக்கம் எங்க ஊர். 2016-ல் தாட்கோ மானியத்தோடு வங்கிக்கடன் வாங்கி என் அண்ணன் ஒரு டீசல் லோடு வண்டி எடுத்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கத்திரிக்காயும் வெண்டைக்காயும் ஏத்திக்கிட்டுக் கோயம்பேடு போவான். ‘டேய்’ என்று கூப்பிட்டுப் பழகிய ஊர்த்தெருக்காரர்கள்கூட, ‘என்னப்பா, நாளைக்கு வண்டி வருமா?’ என்று சேரி முனையில் வந்து நின்றார்கள். ஏழு வருசம் அந்த எஞ்சின் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை.

2023-ல் டீசல் லிட்டர் 94 ரூபாய்க்கு மேல். வாடகையோ ஏறவில்லை. கேஸுக்கு மாத்தினால் பாதிக்குப் பாதி மிச்சம் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னார். அண்ணி கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து ஒன்றே கால் லட்சம் கொடுத்தோம். நாலாவது மாசம் மறைமலைநகர் தாண்டி, லோடோடு, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வண்டி நின்றது. காய் அத்தனையும் வெயிலில் வதங்கியது.

பட்டறைக்காரர் பானெட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ‘கிட்டு நல்ல கிட்டுதான். காலனி ஆளுங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். மெரிச்சா மெரிச்சுக்கிட்டே இருப்பீங்க’ என்றார். ஏழு வருசம் ஓட்டிய கை அதே கைதானே? அதைக் கேட்க அண்ணனுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மாமா வந்து ஹெட்டைக் கழற்றினார். இரண்டாவது சிலிண்டரின் பிஸ்டன் தலையில் விரல் நுழையும் ஓட்டை. அலுமினியம் மெழுகு மாதிரி உருகியிருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காருகிற சீட் தேய்ந்து உள்ளே போயிருந்தது. இரண்டு வால்வுக்கும் நடுவில் ஹெட்டில் கீறல்.

‘டீசல் எஞ்சினுக்குத் தீக்குச்சி வேணாம்டா’ என்று ஆரம்பித்தார் மாமா. பதினேழு, பதினெட்டுப் பங்குக் காற்றை ஒரு பங்காக நசுக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். கேஸ் என்பது மீத்தேன். 500 டிகிரிக்கும் மேல் சூடு வந்தால்தான் தானாகப் பற்றும். அதனால் இன்ஜெக்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்பார்க் பிளக் வைக்கிறார்கள். வைத்தால் மட்டும் போதாது. பிஸ்டனை மாற்றியோ, அதன் தலையைக் கடைந்தோ, அந்தப் பதினேழைப் பதினொன்று, பன்னிரண்டுக்குக் கொண்டுவரணும். இல்லையென்றால் கேஸ் நேரங்கெட்டு வெடித்து, பிஸ்டனைச் சுத்தியல் மாதிரி அடிக்கும். டீசல் எஞ்சினில் காற்று மிச்சமாக இருக்கும், புகைச்சூடு குறைவு. கேஸில் புகைச்சூடு அதிகம். டீசலில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பிசுக்கும் கேஸில் இல்லை. அதனால் வால்வும் சீட்டும் கெட்டி உலோகத்தில் போடணும்.

அந்தப் பட்டறை அதுவரை பெட்ரோல் ஆட்டோக்களுக்குக் கிட் மாட்டிய பட்டறை. பெட்ரோல் எஞ்சினில் பிளக் ஏற்கெனவே இருக்கிறது. நசுக்கலும் பத்துப் பங்குக்குப் பக்கம்தான். அதே வேலையை டீசலிலும் செய்திருக்கிறார்கள். பிஸ்டனைத் தொடவே இல்லை. தடித்த கேஸ்கட் ஒன்றை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். செத்தது கணக்குத் தப்பிய எஞ்சின். அதற்கு எங்கள் பிறப்பைக் காரணம் சொன்னார்கள்.

கேஸுக்கு மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1998 ஜூலை 28-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி பஸ்களையெல்லாம் கேஸுக்கு மாற்றச் சொன்னது. 2001 மார்ச் 31 கெடு. அது தள்ளிப்போனது, ஆனாலும் நடந்தது. 2024-ல் தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் டீசல் பஸ்கள் சிலவற்றை மாற்றி ஓட்டிப் பார்த்தன. அங்கே டெப்போ இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார். ஒரு எஞ்சின் போனால் நட்டம் கணக்குப் புத்தகத்தில் ஏறும். டிரைவரின் சாதியை யாரும் கேட்டு எழுத மாட்டார்கள். ஒத்தை வண்டிக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்? எங்களுக்கு நட்டம் அண்ணி கழுத்தில் தெரிகிறது.

அண்ணன் ‘விட்டுத் தொலைடா’ என்றான். விடவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைக்க வண்டி வைத்திருப்பவனும் நுகர்வோர்தான். இரண்டு வருசத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முறையிட்டிருக்கிறோம். பட்டறைக்காரர் தந்த பில்லில் ‘வேலைக்கூலி’ என்று ஒரே ஒரு வார்த்தை. கிட் நம்பர் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் மாற்றத்தைப் பதிந்து தருவதாகச் சொன்னார், பதியவில்லை. கிட் அங்கீகாரம் பெற்றதாக இருக்கணும், மாற்றத்தைப் பதியணும் என்பது சட்டம். இதையெல்லாம் நம்ம பையன்கள் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்கணும். பிஸ்டனை என்ன செய்யப்போகிறாய், வால்வு சீட் எது, டீசலில் வேலை செய்த வண்டி ஒன்றைக் காட்டு என்று கேட்கணும்.

படிப்பு என்றால் புத்தகம் என்று மட்டும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மிஷினின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவரை, எது உடைந்தாலும் ‘உன் கை சரியில்லை’ என்பார்கள். நாமும் நம்பித் தொலைப்போம். ஓட்டை விழுந்த பிஸ்டனைப் பார்த்த பிறகுதான் அண்ணன் நிமிர்ந்து பேசினான். அதை எங்கம்மா சாக்கில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள், ஆணையத்தில் காட்ட. காயலான் கடையில் ஒரு பழைய டீசல் எஞ்சின் வாங்கிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுகிறார் மாமா. போன வாரம் இரண்டு பெண்பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள்.