கோழி வராத மாதம்: ஒரு சின்ன நாட்டின் உணவுக் கணக்கு

2022-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி மலேசிய அரசு கோழி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மாதம் 36 லட்சம் கோழிகள் வரை வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவை இனி உள்ளூர்ச் சந்தைக்கே என்று சொல்லிவிட்டது. காரணம் புரியாத விஷயம் ஒன்றும் இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு தீவன விலை ஏறியது, பண்ணைகளில் உற்பத்தி குறைந்தது, மலேசியக் கடைகளிலேயே கோழிக்குத் தட்டுப்பாடு. தன் வீட்டு அடுப்பு எரியாதபோது பக்கத்து வீட்டுக்கு யார் விறகு கொடுப்பார்கள்?

அந்தப் பக்கத்து வீடு சிங்கப்பூர். 2021-ல் அது இறக்குமதி செய்த கோழியில் சுமார் 34 சதவீதம் மலேசியாவிலிருந்து வந்தது. அதுவும் உயிரோடு லாரியில் வந்து, சிங்கப்பூரிலேயே அறுக்கப்பட்டு, சந்தைக்குப் போகும் கோழி. தடை வந்ததும் கோழி அறுக்கும் கூடங்களில் வேலை நின்றது. ஈரச்சந்தைக் கடைக்காரர்கள் சிலர் கடையைச் சாத்தினார்கள். கோழிச் சோறு விற்கும் உணவங்காடிக் கடைகள் திணறின.

ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை! பிரேசிலிலிருந்து வந்த உறைந்த கோழி கடைகளில் இருந்தது. ஜூன் மாதம் முடிவதற்குள் இந்தோனேசியாவிலிருந்து கோழி வாங்க ஒப்புதல் கொடுக்கப்பட்டது. அக்டோபரில் மலேசியத் தடை முழுதாக விலகியது.

ஏன் பட்டினி வரவில்லை? அதிர்ஷ்டமா? இல்லை. அதற்கான பணம் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள், யார் கொடுக்க வேண்டும் என்பதுதான் உணவுப் பாதுகாப்பின் உண்மையான கேள்வி.

நிலம் இல்லாத நாடு

சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். அதில் 60 லட்சம் பேர் வாழ்கிறார்கள். விவசாயத்துக்குக் கிடைத்திருப்பது மொத்த நிலத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் அங்கே பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையும் காய்கறித் தோட்டமும் நிறைய இருந்தன. பன்றிப் பண்ணைகளின் கழிவு நீர்நிலைகளைக் கெடுக்கிறது, அந்த நிலமும் வேறு வேலைக்குத் தேவை என்று சொல்லி, 1984-ல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. ரிக்கார்டோவின் ஒப்பீட்டுச் செலவு நன்மைக் கோட்பாட்டை அப்படியே பின்பற்றிய முடிவு இது. ஒரு ஏக்கரில் கீரை போடுவதை விடத் தொழிற்சாலை கட்டினால் வருமானம் அதிகம். அந்த வருமானத்தில் கீரையை வாங்கிக்கொள்ளலாம். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. விற்பவர் எப்போதும் விற்கத் தயாராக இருக்க வேண்டும். 2022 ஜூனில் அந்த நிபந்தனைதான் உடைந்தது.

ஒரே கிணற்றை நம்பாதே

விற்பவர் மறுத்தால் என்ன செய்வது? முதல் பதில், இன்னொரு விற்பவரை வைத்துக்கொள்வது.

இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர் பல முறை படித்திருக்கிறது. 1999-ல் நிபா வைரஸ் காரணமாக மலேசியாவிலிருந்து உயிருள்ள பன்றி வருவது நின்றது. இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவுப் பண்ணை கைகொடுத்தது. 2004-ல் மலேசியாவில் பறவைக் காய்ச்சல், கோழியும் முட்டையும் நின்றன. 2023-ல் அதே புலாவ் புலான் பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டு அந்த வழியும் அடைபட்டது. அண்டை நாடு கெட்டது என்பதல்ல இதன் அர்த்தம். எந்த வழியும் ஒருநாள் அடைபடும் என்பதுதான்.

2004-ல் சுமார் 140 நாடுகளிலிருந்து உணவு வாங்கிய சிங்கப்பூர் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாங்குகிறது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வியாபாரி கண்ணோடு பாருங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் முட்டை மலிவாகக் கிடைக்கும்போது, போலந்திலிருந்தோ உக்ரைனிலிருந்தோ ஏன் வாங்க வேண்டும்? கப்பல் கூலி அதிகம், வந்து சேர நாளாகும். லாபம் மட்டும் பார்த்தால் எல்லோரும் மலேசியாவிலேயே வாங்குவார்கள். பிரச்சினை வந்த பிறகு போலந்துக்குத் தொலைபேசி செய்தால், அவர்கள் பழைய வாடிக்கையாளரைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

அதனால்தான் ஒரு மூலத்திலிருந்து முட்டை வராவிட்டால் அடுத்து எங்கிருந்து வாங்குவார்கள் என்ற திட்டத்தை இறக்குமதியாளர்கள் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும் என்று உரிமத்திலேயே நிபந்தனை வைத்திருக்கிறது சிங்கப்பூர் உணவு அமைப்பு. சும்மா இருக்கும் நாளிலும் இரண்டாவது கடைக்காரரிடம் கொஞ்சம் வாங்க வேண்டும். மளிகைக் கடையில் கணக்கு வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும்!

கிடங்கில் தூங்கும் பணம்

புது விற்பவரைத் தேடவும் நாளாகும். அதுவரை சாப்பிட வேண்டுமே! அதற்குத்தான் கையிருப்பு.

சிங்கப்பூரில் 1990 முதல் அரிசிக் கையிருப்புத் திட்டம் ஒன்று நடக்கிறது. அரிசி இறக்குமதி செய்பவர் தன் மாத இறக்குமதியைப் போல் இரண்டு மடங்கு அரிசியை, அரசு குறித்துக் கொடுத்த கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அரிசி வியாபாரியுடையதுதான். நெருக்கடி வந்தால் அரசு ஈட்டுத்தொகை கொடுத்து அதை எடுத்துக்கொள்ளலாம்.

இதன் அருமை 2023-ல் தெரிந்தது. அந்த வருடம் ஜூலை 20-ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த அரிசியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவிலிருந்து வந்தது. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் அரிசி மூட்டைக்கு அடிதடி நடக்காத குறையாக இருந்த நாட்கள் அவை. சிங்கப்பூருக்குத் தாய்லாந்து, வியட்நாம் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அரிசி வந்துகொண்டிருந்தது. கிடங்கில் இருப்பும் இருந்தது. அதனால் பதற்றப்படாமல் இந்தியாவோடு பேச நேரம் கிடைத்தது. ஆகஸ்ட் மாதமே சிங்கப்பூருக்குச் சிறப்பு அனுமதி தர இந்தியா ஒப்புக்கொண்டது. 50,000 டன்னுக்கு அனுமதி வந்தது.

இந்தக் கையிருப்புக்கும் ஒரு செலவு இருக்கிறது. கிடங்கு வாடகை, முடங்கிய முதலீட்டின் வட்டி, பழைய அரிசியை விற்றுப் புது அரிசியை ஏற்றும் கூலி. பாடப்புத்தகத்தில் இருப்பு குறைவாக இருந்தால் நல்ல நிர்வாகம் என்று படிக்கிறோம். நாட்டின் அரிசிக்கு அந்த விதி பொருந்தாது.

கையிருப்பு என்றால் அரிசி மட்டும் இல்லை. 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுச் சட்டம், முக்கியமான உணவுப் பொருள்களைக் குறைந்தபட்ச அளவு இருப்பு வைக்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது.

நாமே விளைவித்தால்?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். சிங்கப்பூரும் முயன்றது. 2030-க்குள் தன் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வோம் என்று 2019-ல் இலக்கு வைத்தது. மாடிமேல் மாடியாக அடுக்குத் தோட்டம், எல்இடி வெளிச்சத்தில் கீரை, கடலில் மீன் கூண்டு என்று உலகமே பார்த்து வியந்தது. பண்ணைகள் நவீனமாக 6 கோடி வெள்ளி நிதியும் ஒதுக்கப்பட்டது.

ஆனால் மின்கட்டணம் ஏறியது, கட்டுமானச் செலவு ஏறியது. முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள். சில பெரிய உள்ளரங்கப் பண்ணைகள் மூடப்பட்டன. உள்ளூர்க் காய்கறியின் பங்கு 3 சதவீதத்துக்கு இறங்கியது. கடைசியில் 2025 நவம்பரில் அந்த 30 சதவீத இலக்கையே அரசு கைவிட்டது. அதற்குப் பதில் 2035-க்குப் புது இலக்கு. கீரை, காய், காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 சதவீதம். முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 சதவீதம்.

தோல்வி என்று சொல்லிச் சிரிப்பது எளிது. ஆனால் அதே நாட்டில், அதே காலத்தில், முட்டைப் பண்ணைகள் நன்றாகவே நடந்தன. சாப்பிடும் முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உள்ளூர் முட்டை. ஏன் இந்த வித்தியாசம்? கோழிப் பண்ணைக்கு நிலம் குறைவாகப் போதும், இயந்திரமயமாக்கலாம், முட்டை தினமும் எல்லா வீட்டிலும் விற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கோழிகள் தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் இறக்குமதிதான்! அப்படியானால் என்ன தற்சார்பு என்று கேட்கலாம். முட்டையை மாதக்கணக்கில் கிடங்கில் வைக்க முடியாது. தீவனத்தை வைக்கலாம். சேமிக்க முடிந்த பொருளைச் சேமிக்க முடியாத பொருளாக மாற்றும் இயந்திரம் என்று கோழிப் பண்ணையைப் பார்த்தால் அதன் பயன் புரியும். கெட்டுப்போகும் உணவை இங்கே விளைவி, கெடாததை வாங்கி அடுக்கு. சின்ன நாட்டுக்குச் சரியான வழி அதுதான்.

கத்தார் நாட்டிலும் இதுதான் நடந்தது. 2017 ஜூனில் சவூதி அரேபியா எல்லையை மூடியபோது பால் வரத்து நின்றது. கத்தார் விமானத்தில் மாடுகளைக் கொண்டுவந்து, பாலைவனத்தில் குளிரூட்டிய கொட்டகையில் பால் கறந்து, சில ஆண்டுகளிலேயே பாலில் தன்னிறைவு அடைந்தது. தீவனத்துக்கு வெளிநாட்டை நம்பத்தான் வேண்டும். எரிவாயுப் பணம் இருப்பதால் அந்தச் செலவைத் தாங்க முடிகிறது.

செலவு யார் தலையில்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பல நாடுகளில் வாங்குவது, கையிருப்பு, உள்ளூர்ப் பண்ணை மூன்றுக்கும் பணம் வேண்டும். நெருக்கடி இல்லாத ஆண்டில் மூன்றும் வீண் செலவு போலத் தெரியும். காப்பீட்டுப் பிரீமியம் கட்டுபவர் "விபத்தே நடக்கவில்லையே, பணம் போச்சே" என்று புலம்புவது போலத்தான்.

அரிசிக் கையிருப்பின் செலவை முதலில் வியாபாரி தாங்கினாலும், அதில் ஒரு பங்கு அரிசி விலையில் ஏறி எல்லோரிடமும் போகிறது. எல்லோரும் சாப்பிடும் பொருள் என்பதால் ஆளுக்குக் கொஞ்சம்தான், யாருக்கும் வலிக்காது. ஆனால் உள்ளூர்க் கீரையின் செலவு? பேரங்காடியில் மலேசியக் கீரைக்குப் பக்கத்திலேயே அதைவிட அதிக விலையில் உள்ளூர்க் கீரை இருக்கிறது. துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மா எதை எடுப்பார்? மலிவானதைத்தான். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அப்படி ஒவ்வொருவரும் மலிவானதை எடுக்க எடுக்கப் பண்ணை மூடப்படும். பிறகு எல்லை மூடும் நாளில் விலை இரண்டு மடங்கானால், முதலில் அடிபடுவதும் அதே அம்மாதான். பணக்காரர் எந்த விலையிலும் வாங்கிவிடுவார்.

ஆகவே "உள்ளூர்ப் பொருளை வாங்குங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் போதாது. நாட்டுக்கே பொதுவான காப்பீட்டின் பிரீமியத்தைக் கடையில் நிற்கும் தனி மனிதர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை, நடக்கப்போவதும் இல்லை. தொடக்க மானியமும் போதாது. மானியம் கட்டடம் கட்டித் தரும், தினமும் கீரை வாங்காது. ராணுவ முகாம், மருத்துவமனை, பள்ளி உணவகம் போன்ற பெரிய வாங்குபவர்கள் ஐந்து வருடம், பத்து வருடம் என்று ஒப்பந்தம் போட்டு உள்ளூர் முட்டையும் கீரையும் மீனும் வாங்கினால் பண்ணைக்காரருக்கு நிலையான வருமானம். வங்கியும் நம்பிக் கடன் கொடுக்கும். கூடுதல் விலை வரிப்பணத்திலிருந்து போகும். வரி அதிகம் கட்டுபவர் பிரீமியமும் அதிகம் கட்டுவார். அதுதான் நியாயமான பங்கீடு.

மக்கள் பங்குக்கு ஒன்று இருக்கிறது, அதற்குப் பணம் தேவையில்லை. நாக்கைக் கொஞ்சம் பழக்க வேண்டும். 2022-ல் கோழி இல்லாமல் போகவில்லை, 'ஃபிரெஷ்' கோழிதான் இல்லாமல் போனது. உறைந்த கோழியில் குழம்பு வைக்கத் தெரிந்த வீட்டுக்கு அந்த மாதம் பெரிய கஷ்டம் இல்லை. பொன்னி இல்லாவிட்டால் தாய்லாந்து அரிசியில் வடிக்கத் தெரிந்தால், டெல்லியில் வரும் உத்தரவு தேக்கா கடைவீதியில் பயமாக மாறாது.

2020 மார்ச் 17-ஆம் தேதி, மலேசியா நடமாட்டக் கட்டுப்பாடு அறிவித்த மறுநாள், சிங்கப்பூர் பேரங்காடிகளில் வரிசை நீண்டது. சரக்கு வரும், யாரும் பயப்பட வேண்டாம் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். சரக்கு லாரிகள் வந்தன. காலியான அலமாரிகள் மீண்டும் நிறைந்தன. அப்படி நிறைவதற்கான விலையை அதற்கு முந்தைய ஆண்டுகளில் யாரோ கொடுத்திருந்தார்கள். அடுத்த தடைக்கான விலையை, தடை எதுவும் இல்லாத இந்த ஆண்டுகளில்தான் கொடுத்து வைக்க வேண்டும்.