ஈறு கெட்டவர்கள்

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர், நாமும் சிரித்திருக்கிறோம். நம் ஈறே இறங்கிப் பல்லின் வேர் தெரிகிறது என்று மருத்துவர் சொன்னபின் அச்சிரிப்பு வரவில்லை. அறுவைக்கு நாள் குறிக்குமுன் ஆய்வுகளைத் தேடிப் படித்தோம்.

மேலண்ணத்தின் உட்புறத்திலிருந்து இணைப்புத் திசுவைச் சிறு துண்டாக எடுத்து, ஈற்றைச் சற்றே பிரித்து, வேரின்மேல் பொருத்தித் தைக்கிறார்கள். பர்ட்டன் லேங்கரும் லாரீன் லேங்கரும் 1985இல் விவரித்த முறை. அதே ஆண்டில் மில்லர் ஒரு வரம்பும் வகுத்தார்: பற்களுக்கிடையே எலும்பு கரைந்திருந்தால் வேர் முழுதாய் மூடாது. 2018இல் காக்ரேன் அமைப்பு 48 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இம்முறையே முன்னின்றது.

ஒரே வாயில் இடப்பக்கத்துக்கு ஒரு சிகிச்சை, வலப்பக்கத்துக்கு வேறொன்று என்று ஒப்பிட்டு, மூடிய வேரை மில்லிமீட்டரில் அளக்கும் ஆய்வுகளும் உண்டு. நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் புகைப்பவர்களைப் பல ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. ஒட்டிய திசுவுக்கு இரத்தவோட்டம் குறைந்து முடிவு குழம்பிவிடுமாம். காரணம் சரியே.

நம் தேவாரத்தில் புகையிலை புகையாய் மட்டும் போவதில்லை. விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பலர் குளிருக்கும் பசிக்கும் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொள்பவர்கள். அடக்கிய இடத்திலேயே ஈறு இறங்குகிறது. கூலியை விட்டுவிட்டு ஒரு பல்லுக்காக யார் பஸ் ஏறுவது? மில்லர் வகுத்த வரம்பையும் தாண்டி, பல் ஆடத் தொடங்கிய பிறகே போடிக்குப் போகிறார்கள், பிடுங்கிக்கொள்ள.