தூக்கி எறிந்த குறுந்தகடு



பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஒரே குரலில் பேசிவிடுகிறோம். கண் கெடுகிறது, ஓதல் தடைப்படுகிறது, தொழுகை தப்புகிறது என்கிறோம். நானும் பெண்கள் மஜ்லிஸ்களில் அப்படிப் பேசியவள்தான். அவற்றில் எதையும் இன்று மறுக்கப்போவதில்லை. ஆயினும், ஏறத்தாழ 23 ஆண்டுகளுக்கு முன் என் மகனிடமிருந்து எடுத்துக் குப்பையில் போட்ட ஒரு பொருள் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் எங்கள் குடும்பத்துக்குள் திரும்பி வந்தது. அது எனக்குக் கற்றுத் தந்ததை இளம் தாய்மாருக்குச் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் குடியேறி வாழ்ந்துவருகிறோம். மகன் அஹ்மது ஆறு வயதாக இருந்தபோது, வேறு ஊருக்குக் குடிபோன அண்டை வீட்டார் ஒரு கணினி விளையாட்டின் குறுந்தகட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பெயர் 'பேக்யார்ட் பேஸ்பால்'. ஹியூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் என்னும் நிறுவனம் 1997இல் வெளியிட்டது. தெருவில் உள்ள 30 சிறுவர் சிறுமியரிலிருந்து ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து அணி அமைத்து, பேஸ்பால் ஆட வேண்டும். கேலிச்சித்திரம் போன்ற பெரிய தலைகளும் சிறிய உடல்களும் கொண்ட பிள்ளைகள். நெருப்பாய்ப் பறக்கும் பந்து, கோணல்மாணலாய் வளைந்து வரும் பந்து என்று அதில் வேடிக்கைகளுக்குக் குறைவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடும் சிறுவனும் உண்டு. எல்லோரையும்விடச் சிறந்த ஆட்டக்காரன் பாப்லோ சான்செஸ் என்னும் குள்ளமான, குண்டான பையன். அவன் ஆங்கிலத்தில் பேசமாட்டான். ஸ்பானிய மொழியில்தான் பேசுவான்.

இந்த விவரங்களில் ஒன்றுகூட அன்று எனக்குத் தெரியாது. சமையலறையிலிருந்து பார்த்தால் வண்ணத்திரையும் மகனின் முதுகும் தெரியும். அவ்வளவே.

2001 செப்டம்பருக்குப் பிறகு எங்களைப் போன்ற குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. தலையில் முக்காடுடன் கடைக்குப் போக அஞ்சினேன். என் கணவர் வேலையிலிருந்து திரும்பும்வரை ஜன்னலருகே நிற்பேன். ஒன்பது வயது அஹ்மது பள்ளியிலிருந்து வந்ததும் கணினி முன் அமர்ந்துவிடுவான். ஒருநாள் அவன் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் 'ஆடம்' என்று எழுதியிருந்தது. கேட்டேன். வகுப்பில் இனி அப்படி அழைக்கச் சொல்லியிருப்பதாக முகம் பாராமல் சொன்னான். அதுவும் ஒரு நபியின் பெயர்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டேன்.

அந்த ஆண்டு நவம்பர் நடுவில் ரமளான் தொடங்கியது. ஷஅபான் மாதக் கடைசியில் வீட்டைத் துப்புரவு செய்தபோது, ஓத வேண்டிய நேரத்தில் அவன் விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். குறுந்தகட்டை எடுத்துக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். "நோன்பு வருகிறது, இது இனி இந்த வீட்டில் வேண்டாம்" என்றேன். அவன் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டுக்கொண்டான் என்று அன்றிரவு என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வெளியே எதையும் சரிசெய்ய முடியாதிருந்த எனக்கு, வீட்டுக்குள் ஒன்றைச் சரிசெய்துவிட்ட நிம்மதி கிடைத்தது.

காலம் ஓடியது. அல்ஹம்துலில்லாஹ், அவன் படித்தான், வேலைக்குச் சென்றான், மணமுடித்தான். தன் பெயரையும் கல்லூரிக் காலத்தில் மீட்டுக்கொண்டான். இப்போது அவனுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

2024 அக்டோபரில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். "உம்மா, என் பேஸ்பால் விளையாட்டு திரும்பவும் வந்துவிட்டது" என்றான். குரலில் ஒன்பது வயது கேட்டது. அதே 1997ஆம் ஆண்டு விளையாட்டை இன்றைய கணினிகளில் ஓடும்படி மீண்டும் வெளியிட்டிருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவனோடு பள்ளியில் படித்த நண்பர்கள் சிலரும் வந்திருந்தார்கள். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். இருவருக்கு முடிகூட உதிரத் தொடங்கிவிட்டது. ஒவ்வொருவரும் அந்த விளையாட்டை எப்படி எதிர்கொண்டார்கள் என்று கவனித்தேன். ஒருவர் வேறெதையும் பாராமல் பாப்லோவை முதலில் தேர்ந்தெடுத்து, அவனுடைய இசை ஒலித்ததும் கண் கலங்கிச் சிரித்தார். இன்னொருவர் சற்றே ஏமாந்து போனார். "படங்கள் இவ்வளவு பழையனவாகவா இருந்தன? இதைவிட அழகாக அல்லவா நினைவில் இருக்கிறது!" என்றார். மற்றொருவருக்கு, தொழில்முறை ஆட்டக்காரர்களும் சிறுவர்களாக வரும் அடுத்த பதிப்புதான் வேண்டியிருந்தது. அது 2025இல் வந்ததும் அவரே முதலில் வாங்கினாராம். எதையும் மெருகேற்றாமல் அப்படியே விட்டது நல்லது என்று ஒருவரும், அப்படியே விட்டதுதான் குறை என்று ஒருவரும் வாதிட்டார்கள்.

என் மகன் ஒன்றும் பேசாமல் இரு சிறுவர்களைத் தன் அணிக்கு எடுத்தான். திரையில் பெயர்களை வாசித்த என் பேத்தி கத்தினாள்: "வாப்பும்மா, இவனுக்கு வாப்பா பெயர்!"

எழுந்து அருகில் சென்று பார்த்தேன். அக்மத் கான், அமீர் கான். அண்ணனும் தம்பியும். அமெரிக்க நாவுக்கேற்பத் திரிந்திருந்தாலும் அது அஹ்மது என்னும் பெயர்தான். அண்ணன் காதில் பெரிய ஹெட்போன் மாட்டி, ராக் இசை கேட்டபடியே ஆடுகிறவன். அவர்களின் மார்க்கத்தைப் பற்றி அந்த விளையாட்டு எதுவும் பேசுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நானும் அந்த ஹெட்போன்காரனைக் காட்டமாட்டேன். ஆனால் 1997இல், ஓர் அமெரிக்கத் தெருவின் 30 பிள்ளைகளில் இருவருக்கு நம் வீட்டுப் பெயர்களை எவரோ வைத்திருக்கிறார்கள்.

நண்பர்கள் சென்றபின் மகன் சொன்னான்: "உம்மா, அந்த வருஷம் பள்ளி மைதானத்தில் என்னை யாரும் அணியில் சேர்க்கவில்லை. கடைசிவரை நின்றுகொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து இதில் அக்மதைத்தான் முதலில் எடுப்பேன். சில நாள் கணினி முந்திக்கொண்டு அவனை எதிரணிக்கு எடுத்துவிடும். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். அவனை இரண்டு பக்கமும் கேட்கிறார்களே!"

அவன் குறை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். "அப்போதே சொல்லியிருக்கலாமே வாப்பா" என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே உம்மா" என்றான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூ உமைர் வளர்த்த சிறு குருவியைப் பற்றிய ஹதீஸை எத்தனையோ முறை பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டுக்குச் செல்லும்போது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவனிடம் அவனுடைய குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தும் பொறுப்பு அவர்கள் தோளில் இருந்தது. இருந்தும் ஒரு சிறுவனின் விளையாட்டுத் துணைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தது. நான் என் மகனின் குருவியைக் கூண்டோடு தூக்கி எறிந்தேன். அதன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ரமளானுக்காக அந்த விளையாட்டை நிறுத்தியது தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஓதும் நேரம் ஓதலுக்குரியது. ஆனால் அருகில் அமர்ந்து, "இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், மைதானத்தில் தனியே நின்ற பிள்ளையை நான் கண்டிருப்பேன். ஆசிரியையிடம் பேசியிருப்பேன். அவன் பெயரின் பொருளை அவனுக்குச் சொல்லியிருப்பேன். கீழ்ப்படிதல் என்று நான் பெருமைப்பட்ட அந்த மௌனம் என்னவென்று எனக்குப் புரிந்திருக்கும்.

அந்த விளையாட்டு திரும்பி வந்தபோது பெரியவர்கள் கண் கலங்கியதன் காரணம் இப்போது ஓரளவு புரிகிறது. அதன் படங்கள் பழையவை என்று சொன்னவரும் அன்று மாலைவரை எழுந்து போகவில்லை. அந்தப் பிள்ளைகளோடு ஆடிய வயதில் தம்மிடம் சொல்லப்படாமல் இருந்த ஏதோ ஒன்று ஒவ்வொருவருக்கும் இருந்திருக்கும்.

சென்ற வாரம் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மக்ரிபுக்குச் சற்று நேரம் இருந்தது. அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, யாரை முதலில் எடுப்பாய் என்று கேட்டேன். பாப்லோவை என்றாள். ஏன் என்றேன். "அவன் குட்டையாக இருக்கிறான், ஆனால் யாருக்கும் பயப்படமாட்டான்" என்றாள். பிறகு தயங்கி, தன் வகுப்பில் ஒருத்தி தன்னைக் குட்டைச்சி என்று அழைப்பதாகச் சொன்னாள். பாங்கு நேரம் வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டு இருவரும் உளூச் செய்து தொழுதோம்.

பிள்ளையின் கையிலிருந்து எதையாவது எடுக்க வேண்டிய நாள் உங்கள் வீட்டிலும் வரும். எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒருமுறை அருகில் அமர்ந்து கேளுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக. நாம் அவர்களிடம் கேட்கத் தவறியவற்றை மன்னிப்பானாக. ஆமீன்.