பத்து புத்தகம் சொல்லுங்க சார்!

ஜனவரி பிறந்தால் எனக்கு மூன்று விஷயங்கள் நிச்சயம். பொங்கல் வரும். சென்னைப் புத்தகக் காட்சி வரும். கூடவே ஒரு போன் வரும். ‘‘சார், படிக்கிற மாதிரி ஒரு பத்து புத்தகம் சொல்லுங்களேன்!’’

முன்பெல்லாம் இதற்காகவே என்னிடம் ரெடிமேடாக ஒரு பட்டியல் இருந்தது. மோகமுள், ஒரு புளியமரத்தின் கதை, ஜே.ஜே: சில குறிப்புகள் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். கேட்டவர் பயபக்தியோடு எழுதிக்கொள்வார். நானும் தமிழுக்குத் தொண்டு செய்துவிட்ட திருப்தியில் போனை வைப்பேன். அவர் வாங்கினாரா, முதல் பக்கத்தைத் தாண்டினாரா என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை.

இப்போது அந்தப் பட்டியலைச் சொல்வதில்லை. காரணம் என் அக்கா பையன். கொஞ்சம் வெட்கமான கதைதான். பரவாயில்லை, உங்களிடம் சொல்வதற்கென்ன?

2007. அவனுக்குப் பதினாலு வயது. கோடை லீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையனின் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. இழுத்துப் பார்த்தால் உள்ளே பூராவும் க்ரைம் நாவல்களும் லயன் காமிக்ஸும். ஒரு நாளைக்கு இரண்டு முடிப்பானாம். சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரமாட்டான் என்று அக்கா புகார் படித்தாள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பத்திரிகை வேலை, நாலு புத்தக விமர்சனம், தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம். ‘‘என்னடா, குப்பையெல்லாம் படிச்சிட்டிருக்கே?’’ என்று கேட்டுவிட்டு, என் பையிலிருந்த ஜே.ஜே: சில குறிப்புகளை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ‘‘இதைப் படி. அப்புறம் அதையெல்லாம் தொடவே மாட்டே.’’

‘‘சரி மாமா’’ என்றான். மரியாதையான பையன்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது புத்தகம் அலமாரியில் இருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. ‘‘முடிச்சிட்டியாடா?’’ என்றேன். ‘‘முடிச்சிட்டேன் மாமா. சூப்பர்!’’

பொய் பெரிய விஷயமில்லை. அந்த வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். பிரச்னை வேறு. கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியைக் காணோம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டானாம். பையன் திருந்திவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன், பாருங்கள்!

பதினோரு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போகிறான், சம்பாதிக்கிறான். ‘‘இப்ப என்னடா படிக்கிறே?’’ என்றேன், சும்மா.

‘‘எனக்குப் படிக்க வராது மாமா. அது அப்பவே தெரிஞ்சு போச்சு. நீங்க ஒரு புக்கு குடுத்தீங்கள்ல... அன்னிக்கே.’’

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு நாவல் முடித்த பையன், தனக்குப் படிக்கவே வராது என்று முடிவுகட்டியிருக்கிறான். அவனை அப்படி நினைக்க வைத்தது சாட்சாத் அடியேன். புத்தகத்தின் மேல் குற்றமில்லை. 1981-ல் வந்த அந்த நாவல், இருபத்து மூன்று வயதில் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. புத்தகம் சரி, தேதி தப்பு. நான் பி.காம். படித்தவன். எவ்வளவு நல்ல செக்காக இருந்தாலும், தேதி தப்பென்றால் பாங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், நானே க்ரைம் நாவல் வழியாக வந்தவன்தான். திண்டுக்கல்லில் கல்லூரியில் படித்தபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. காஸ்ட் அக்கவுன்டன்சி புத்தகத்துக்குள் வைத்து ராஜேஷ்குமாரைப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் அதிகம் பேசமாட்டார். நான் இரண்டு நாவல் எடுத்தால் மூன்றாவதாக ஒன்றை அவராகவே வைப்பார். ‘‘இதுக்கு வாடகை வேண்டாம். புடிக்கலேன்னா பத்து பக்கத்துல திருப்பிக் குடுத்துடு.’’ முதலில் வந்தது சுஜாதா. கணேஷும் வசந்தும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சில மாதம் கழித்து ஒரு சிறுகதைத் தொகுப்பு. ‘‘காஞ்சனைன்னு ஒரு கதை இருக்கு. ராத்திரியில படிக்காதே’’ என்றார். ராத்திரியில்தான் படித்தேன். விளக்கை அணைக்கத் தைரியமில்லை. அப்படித்தான் எனக்குப் புதுமைப்பித்தன் அறிமுகம். மணிக்கொடி காலத்து மேதை, சிறுகதை மன்னர் என்றெல்லாம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம். சில புத்தகங்களுக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு புள்ளி. ‘‘இதென்ன அண்ணாச்சி?’’ என்றேன். ‘‘நீ பாதியில திருப்பிக் குடுத்தது. அதைப் பார்த்தாத்தான் அடுத்து என்ன குடுக்கணும்னு தெரியும்’’ என்றார். வாசகனுக்கு இப்படியும் ஒரு பாலன்ஸ் ஷீட் உண்டென்று எந்த புரொபசரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

வீரமும் சூழ்ச்சியும் பிடிக்குமென்றால் கூச்சப்படாமல் பொன்னியின் செல்வனில் ஆரம்பியுங்கள். ஐந்து பாகம் என்று பயப்படாதீர்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் எல்லோரும் தமிழ்ப் பண்டிதர்களா என்ன? வந்தியத்தேவன் குதிரை ஓடுகிற ஓட்டத்தில் நீங்களும் போய்விடுவீர்கள். பழைய காலம் ருசித்துவிட்டதா? அடுத்து உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஒரு பையன் தமிழ் படிக்க ஆசைப்பட்டு ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகப் போகிற கதை. ராஜாக்கள் இல்லை, வாள் சண்டை இல்லை. ஆனாலும் கீழே வைக்க முடியாது. 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து, 1942-ல் அவர் மறைந்ததால் முடியாமலே நின்றது. இன்று நாம் கிளாசிக் என்று அலமாரியில் பூட்டி வைத்திருப்பது, அன்று ஜோக்குகளோடு ஒரே இதழில் வந்ததுதான்!

குடும்பக் கதை வேண்டும், சீரியல் பார்க்கிற ஆள் என்கிறீர்களா? ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1966-ல் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையில் கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய ஒரு பெண்ணை அவள் அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்டாள். அதற்குப் பெரிய கூச்சல். அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். சிரிக்க வேண்டுமா? தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவரா? கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. வீட்டில் வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரித் துணையாக இருந்தவரா? தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. நாடி பார்த்து மரணத்தைச் சொல்லும் ஒரு வங்காள வைத்தியரின் கதை, த.நா.குமாரஸ்வாமியின் தமிழில் கிடைக்கிறது.

கவனித்தீர்களா? புத்தகத்தைச் சொல்வதற்கு முன்னால் உங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறேன். அதைக்கூட அக்கா பையனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

2019 கோடை. சென்னையின் ஏரிகள் வறண்டு, நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த நேரம். நண்பர்களோடு வேளச்சேரி ஃப்ளாட் ஒன்றில் இருந்தான். லாரி பிடிக்கிற பொறுப்பு அவன் தலையில். ‘‘மாமா, நீங்க பிரஸ்தானே? ஒரு லோடுக்கு ஏதாவது பண்ண முடியுமா?’’ என்று போன் செய்தான். என்னால் ஒரு குடம்கூட ஏற்பாடு செய்ய முடியவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில், பார்க்கப் போகும்போது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைக் கொண்டுபோனேன். சின்னப் புத்தகம். ‘‘பத்து பக்கம் படி. புடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துடு’’ என்றேன்.

அட்டையைப் பார்த்தான். ‘‘இதைக் குடிக்கவா முடியும்?’’ என்றான்.

மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன். ‘‘மாமா, இது எப்ப எழுதினது?’’

‘‘புத்தகமா வந்தது 1973-ல.’’

‘‘அப்பவேவா?’’ கொஞ்ச நேரம் சத்தமில்லை. ‘‘அந்த ஜமுனா இருக்காங்கள்ல... எங்க மூணாவது மாடி அக்கா மாதிரியே இருக்காங்க. தினம் கொடத்தோட பார்க்கிறேன். ஒரு நாளும் நின்னு பேசினதில்ல.’’ அப்புறம் மெதுவாகக் கேட்டான்: ‘‘இதே மாதிரி வேற ஏதாவது இருக்கா?’’

என் பழைய பட்டியல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். ‘‘ஆபீஸெல்லாம் எப்படிடா போகுது?’’ என்றேன். முக்கால் மணி நேரம் பேசினான்.

அவன் ஒன்றும் பெரிய புத்தகப் புழு ஆகிவிடவில்லை. வருஷத்துக்கு நாலைந்து படிக்கிறான். அந்த ஜே.ஜே. இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டும் அப்படியே. நான் எதுவும் கேட்பதில்லை.

ஆகவே, வருகிற ஜனவரியில் தாராளமாகப் போன் செய்யுங்கள். ஆனால், பத்து புத்தகம் கேட்காதீர்கள். கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள். அங்கிருந்து பேசலாம்.